கடல் கொண்டது போக மிச்சம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பூம்புகார் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நகரத்தைக் கடல் விழுங்கிவிட்டது, கடற்கரையும் சிலப்பதிகாரக் கலைக்கூடமும்தான் மிச்சம், ஒரு மணி நேரம் போதும் என்கிற தோரணையில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அங்கே பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானவை தரையில்தான், வயலுக்கும் தோப்புக்கும் நடுவே இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் ஊருக்கு வந்து "அங்க ஒண்ணுமே இல்லப்பா" என்கிறார்கள்.

நாங்கள் கொடைக்கானல் பக்கம் பழனி மலைத்தொடரில் இருக்கும் தாண்டிக்குடிக்காரர்கள். மிளகுப் பறிப்பு முடிந்த கையோடு எங்கள் வீட்டாரும் மாமா வீட்டாருமாக வேன் பிடித்து மயிலாடுதுறை வழியாகப் போனோம். பழனி மலையில் இருக்கிறவனுக்குச் சோழர் துறைமுகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். காவிரிப்பூம்பட்டினத்து, அதாவது அன்றைய பூம்புகாரின், தெருக்களில் குவிந்து கிடந்த சரக்குகளைச் சங்க நூலான பட்டினப்பாலை அடுக்கும்போது, கடல்வழி வந்த குதிரைகளுக்கு அடுத்ததாகவே கருமிளகு மூட்டைகளைச் சொல்கிறது. மேற்கு மலைச் சந்தனமும் அகிலும் கொஞ்சம் தள்ளி வருகின்றன. எங்கள் ஊரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்காலச் சின்னங்களில் சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. அந்தக் கல் இந்த மலையில் கிடைப்பதில்லை. கீழே இருந்து யாரோ சுமந்து ஏறியிருக்கிறார்கள். மிளகு காயப் போடுகிற களத்தில் நின்று இதை நினைத்தால் துறைமுகம் அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத கீழையூருக்குத்தான் முதலில் போனோம். 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறையைத் தோண்டி எடுத்தது. படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பங்களும் கிடைத்தன. கரிமக் கணிப்பு (கார்பன் டேட்டிங்) அந்த மரத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆறும் தடம் மாறிப் போய்விட்டது. படகுத்துறை மட்டும் நிற்கிறது. செங்கற்கள் இந்தக் காலத்துச் செங்கல் மாதிரி இல்லை. அகலமாக, தட்டையாக, ஒரு கையால் தூக்க முடியாத அளவு. மாமா கொத்தனார் வேலை தெரிந்தவர். எதையும் தொடாமல் குனிந்து வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இணைப்பு ஒண்ணு மேல ஒண்ணு வராம மாத்தி மாத்திப் போட்டிருக்கான் பாரு, தண்ணி அடிச்சாலும் பிரியாது" என்றார். கலைக்கூடத்துச் சிற்பங்களைப் பார்த்தபோதுகூட அவர் அவ்வளவு பேசவில்லை.

அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. சாலையில் எங்கள் கண்ணில் பலகை எதுவும் படவில்லை. ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பியிடம் கேட்டால், "அது வெறும் செங்கல்தாண்ணே, நேரா பீச்சுக்குப் போங்க" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வருகிற எல்லாரும் பீச்சுக்கு வழி கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? எங்கள் மலைக்கு வருகிறவர்களும் ஏரி, தூண் பாறை, பைன் காடு என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பெருங்கற்காலத்தார் கற்பலகைகளால் அமைத்த கல்திட்டைக்கு வழி கேட்கிறவர் அபூர்வம்.

பல்லவனீச்சரத்திலும் இதே கதைதான். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் இருக்கிறது, பட்டினத்தாருக்கு ஆடியில் விழா எடுக்கிற ஊர். அதே ஊரில் ஒரு பௌத்த விகாரையின், அதாவது துறவிகள் மடத்தின், செங்கல் அடித்தளமும் உண்டு. கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் அங்கேதான் கிடைத்தது. மணிமேகலை துறவு பூண்ட நகரத்தில் இதில் ஆச்சரியமில்லை. கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சாயாவனம் கோச்செங்கட்சோழன் உயர்ந்த மேடைமேல் கட்டிய மாடக்கோயில்களில் ஒன்று. அம்பாள் பெயர் குயிலினும் இனிமொழியம்மை. என் மகள் அந்தப் பெயரை வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே வில்லேந்திய முருகன் ஐம்பொன் திருமேனி ஒன்று உண்டு. தண்டூன்றி நிற்கும் பழனியாண்டவனையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அவன் வில்லை வளைத்து நிற்பதைப் பார்க்க ஒரு திகைப்பு. மாமி கன்னத்தில் போட்டுக்கொள்ளவே மறந்துவிட்டார்.

திருவெண்காட்டைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார், நான் சேர்க்க அதிகமில்லை. ஒன்று மட்டும்: ராஜராஜன் காலத்து ரிஷபவாகனர் செப்புத் திருமேனி இந்த ஊரைச் சேர்ந்தது, இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. தஞ்சை வழியாகப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்தப் பக்கம் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. புதனுக்குத் திருவெண்காடு, கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம் என்று நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் வந்துகொண்டே இருக்கின்றன. படகுத்துறையும் விகாரையும் இந்த இரண்டு கோயில்களின் சுற்றுவட்டாரத்திலேயே கிடக்கின்றன. சிலப்பதிகாரம் சொல்லும் நகரின் இரண்டு பகுதிகளான மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் எங்கே இருந்திருக்கும் என்று யோசிக்க, வேனை அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். பொறுப்பில் உள்ள துறையினர் சாலை முனையில் ஒரு பலகையும், செங்கல்லுக்குப் பக்கத்தில் நல்ல தமிழில் நாலு வரி விளக்கமும் வைத்தால் அந்த ஆட்டோத் தம்பியே வழிகாட்டி ஆகிவிடுவார்.

கடலுக்கடியில் நகரம் என்று செல்போனில் சுற்றும் வீடியோக்களும் இதற்குத் துணை செய்யவில்லை. தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990-களில் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஒன்றைப் பார்த்தது உண்மை. அது மனிதர் கட்டியதுதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அதற்குள் பதினோராயிரம் ஆண்டு என்று பேசுகிறவர்கள், கண்ணெதிரே கிடக்கும் இரண்டாயிரம் ஆண்டுச் செங்கல்லைப் பார்க்க வருவதில்லை.

அடுத்த முறை பூம்புகார் பற்றிப் போடும்போது கட்டுரையோடு ஒரு வரைபடமும் சேர்த்துப் போடுங்கள். கீழையூர், பல்லவனீச்சரம், சாயாவனம், திருவெண்காடு நான்கையும் குறித்தால் போதும். கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பதையும் எழுதுங்கள். அந்த இடைவேளையில் செங்கல் இடங்களைப் பார்த்துவிடலாம். அங்கே ஒதுங்க நிழல் கிடையாது, எங்களைப் போல மலையிலிருந்து வருகிறவர்கள் குடை கொண்டுபோகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.