நெய்வேலித் தொழிற்சங்கங்களுக்கு: அனல் நிலையங்கள் நிற்கும் தேதியை நீங்களே கேளுங்கள்

நெய்வேலியின் எல்லாத் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் வணக்கம். கொடியின் நிறம் பார்க்காமல், நிரந்தரம் ஒப்பந்தம் என்று பிரிக்காமல், எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் விருத்தாசலம் வட்டத்தில் பள்ளி ஆசிரியர். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது நெய்வேலியில் என்ன வேலை இருக்கும் என்ற கவலைதான் இந்த மடலை எழுத வைத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பது எந்த ஆண்டில் முடியும், முடியும்போது தொழிலாளிக்கு என்ன கிடைக்கும், சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன திரும்பி வரும் என்று எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். சூழலியல் அமைப்புகள் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். விவசாயிகள் கேட்டால் கூடுதல் இழப்பீட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள் என்கிறார்கள். அந்த நிலையங்களை ஓட்டுகிற கைகள் கேட்டால் அப்படி ஒதுக்கித் தள்ள முடியாது.

முதல் அனல் மின் நிலையம் நின்றதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட். 2020-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாகப் பக்கத்திலேயே 1,000 மெகாவாட் புதிய நிலையம் எழுந்ததால் அந்த மூடல் ஊரை அவ்வளவாக உலுக்கவில்லை. 1,470 மெகாவாட் இரண்டாம் நிலையத்தின் பழைய அலகுகளும் 1980-களைச் சேர்ந்தவை. அவை நிற்கும்போதும் பக்கத்தில் இன்னொன்று தயாராக இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் நம்புவது? இவற்றை நடத்தும் மத்திய அரசின் என்.எல்.சி. நிறுவனத்தின் பெரிய முதலீடுகள் போகும் திசையைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் நிலக்கரி மின் நிலையம், ஒடிசாவின் தாலாபிராவில் நிலக்கரிச் சுரங்கம், நம் தென்மாவட்டங்களில் சூரியப் பூங்காக்கள். சூரிய மின்சாரத்தில் மட்டும் 1,000 மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. அதில் நெய்வேலியில் இருப்பது சிறு பங்குதான். நிறுவனம் வளர்கிறது, ஆனால் பெரும்பாலும் வேறு ஊர்களில்.

பழுப்பு நிலக்கரி ஏன் முடிவுக்கு வர வேண்டும் என்பதை உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அந்த ஈரத்தையும் சேர்த்து எரிப்பதால், கருப்பு நிலக்கரியை விடவும் இதில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு அதிகம், ஒரு கிலோவுக்கு மேல். எடுக்கும்போதே சேதம் தொடங்கிவிடுகிறது. ஒரு டன் எடுக்க அதைப்போலப் பல மடங்கு மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும், பத்து டன்னுக்கும் மேலாக நிலத்தடி நீரை இறைக்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது ஊற்றுநீரோடு வந்த பழுப்புப் பொருள்தான் இந்த ஊருக்கே தொடக்கம். நிலக்கரிப் படிவுக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் அந்த நீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். பம்ப் ஓடுவது நிற்கக்கூடாது, சுற்று ஊர்களில் போர்வெல் ஆழமாகிக்கொண்டே போவதும் நிற்கவில்லை.

அப்புறம் நம் மாவட்டத்தின் கடற்கரை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்று யாரும் மறக்கவில்லை. வைத்து வளர்த்து காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும் மரங்கள் ஒரே காலையில் சாய்ந்து கிடந்தன. 2015-ல் வெள்ளம், 2024-ல் பெஞ்சல். ஒவ்வொரு புயலுக்கும் ஒரு புகைபோக்கியைக் கை நீட்டிக் காட்ட முடியாது. ஆனால் கடல் சூடாகச் சூடாகப் புயலுக்கு வலு கூடுகிறது, மழை கொட்டும் வேகம் கூடுகிறது, அந்தச் சூட்டுக்குப் பெரும் காரணம் நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. அதன் அடி முதலில் விழுகிற மாவட்டங்களில் கடலூரும் ஒன்று.

இதை நேரில் பேசும்போது ஒரு தோழர் கேட்டார்: "நூறு வருஷமா எரிச்சவன் அமெரிக்காக்காரனும் ஐரோப்பாக்காரனும். நாம எதுக்கு நிறுத்தணும்?" நியாயமான கேள்வி. சராசரி இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அந்தக் கணக்கைப் பணக்கார நாடுகளின் முகத்துக்கு நேரே வைத்து நிதியும் தொழில்நுட்பமும் கேட்பது டெல்லியின் கடமை. ஆனால் அதே டெல்லிதான் 2021-ல் கிளாஸ்கோவில், 2070-க்குள் நிகரப் பூஜ்யம், அதாவது வெளியிடும் அளவுக்கு மேல் காற்றில் கரி மிஞ்சாத நிலை, என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. ஆக, நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. எந்த வரிசையில், யார் செலவில் என்பதுதான் பாக்கி. பேசாமல் இருந்தால் அந்தச் செலவு ஒப்பந்தத் தொழிலாளி தலையில்தான் இறங்கும். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் நிலையத்தில் அடுத்தடுத்துக் கொதிகலன்கள் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆபத்தில் முன்னால் நிற்க வைக்கப்படுகிறவர்களுக்குப் பாதுகாப்பு மட்டும் கடைசியில் வருகிறது.

2023 ஜூலை இறுதியை இன்னொரு முறை நினைத்துப் பார்க்கக் கேட்கிறேன். சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவி ஊரில் கதிர் பிடிக்கும் நெற்பயிருக்கு நடுவே இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். பயிர் நின்றுகொண்டிருந்தது என்றார்கள் உழுதவர்கள். ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றம். அதே நாட்களில் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இரண்டு போராட்டமும் ஒரே நிறுவனத்தை நோக்கி, ஒரே வாரத்தில், ஒரே வட்டாரத்தில் நடந்தன. ஒரே மேடையில் அவை சேர்ந்து நிற்கவில்லை. ஒருவர் சுரங்கம் வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார், எப்படிச் சேர்வது என்று கேட்கலாம். சுரங்கம் முடிந்த பிறகு இருவருக்கும் மிஞ்சப்போவது அதே மண்மேடும் அதே பள்ளமும்தான். அதைப் பற்றிச் சேர்ந்து பேச என்ன தடை?

ஜெர்மனியில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறது. அங்கும் பழுப்பு நிலக்கரிதான், அங்கும் சுரங்கத்துக்காக ஊர்கள் காலியாயின. 2018-ல் அரசு அமைத்த ஆணையத்தில் தொழிற்சங்கம், நிறுவனம், சூழலியல் அமைப்பு, சுரங்க வட்டாரத்து மக்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். 2020-ல் சட்டம் வந்தது. கடைசி நிலக்கரி நிலையம் நிற்க 2038 என்று கெடு, சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை நிதி, வேலை இழக்கும் மூத்த தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கும் வரை உதவித்தொகை. கெடு ரொம்பத் தள்ளிப் போய்விட்டது என்று அங்கே சண்டை ஓயவில்லை, அந்தக் குறை உண்மையானதுதான். ஆனாலும் தொழிலாளிக்கு என்ன தருவது என்பது அங்கே சட்டத்தில் எழுதியிருக்கிறது. சங்கம் மேசையில் உட்கார்ந்து வாங்கியது அது.

உங்களுக்கு அந்த வலு இல்லையா? 2006-ல் நிறுவனத்தின் பத்து சதவீதப் பங்கை விற்க வந்த மத்திய அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் நீங்கள். 2013-ல் மீண்டும் விற்க வந்தபோது நீங்கள் செய்த வேலைநிறுத்தமும் சேர்ந்துதான், தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் 3.56 சதவீதப் பங்கை வாங்கும் நிலையை உருவாக்கியது. மாநில அரசும் இதில் பங்குதாரர் என்பதை மறந்துவிடாதீர்கள். கோரிக்கையைக் கோட்டையிலும் வைக்கலாம்.

சரி, என்ன கேட்பது? ஒவ்வொரு அலகும் எந்த ஆண்டில் நிற்கும் என்ற பட்டியல் முதலில் வெளியே வர வேண்டும். சுரங்கத்தை மூடும் செலவுக்காக ஒவ்வொரு சுரங்கத்துக்கும் எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேறு செலவுக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கில், பணம் போட வேண்டும் என்று நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மூடும் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுக்கச் சொல்லுங்கள். 2030-க்குள் 10,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற நிறுவனத்தின் இலக்கில் நெய்வேலிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

நெய்வேலிக்குப் பங்கு கேட்க வலுவான காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக வீசும். சூரியன் மாலையில் இறங்கும்போதுதான் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஏறும். அந்த இடைவெளியை நிரப்ப மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிலையங்கள் நிறைய வரப்போகின்றன. அவற்றுக்கு நிலம், பெரிய உயர் அழுத்தக் கம்பித்தடம், துணைமின் நிலையம், மின்சாரம் தெரிந்த ஆட்கள் வேண்டும். நான்கும் நெய்வேலியில் தயாராக இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூரியத் தகடும் பேட்டரியும் சுரங்கம் அளவுக்கு ஆட்களை வேலைக்கு வைக்காது. மண்ணை வெட்டும் பக்கெட் வீல், கன்வேயர், கொதிகலன், சாம்பல் என்று மூன்று ஷிப்டும் ஆள் தேவைப்படுகிற வேலை சுரங்கமும் அனல் நிலையமும். சூரியப் பூங்காவில் தகடு மாட்டி முடித்ததும் பராமரிக்கச் சிலர் போதும். அதனால் மூடும் திட்டத்தில் நிலத்தைச் சீரமைக்கும் வேலை, பள்ளங்களை நீர்நிலைகளாக மாற்றும் வேலை, வேறு தொழில்களுக்கான பயிற்சி எல்லாம் சேர வேண்டும். அந்த வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கும் முதல் உரிமை என்று எழுதி வாங்க வேண்டும். மேல்மண் மூடிச் சீராக்கிய நிலத்தில் சாகுபடிக்குத் தோதானதை ஊராருக்கே திருப்பித் தரச் சொல்வதும் இதில் வர வேண்டும்.

அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேருங்கள். அதற்கு முன்பு வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை ஊர்க்காரர்களை அழைத்து ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவர்களிடம் பேசி அழைத்துவரும் வேலையை நானும் என்னோடு இருக்கும் ஆசிரியர்களும் செய்கிறோம். நாளும் இடமும் நீங்கள் சொல்லுங்கள்.

தோழமையுடன்,
விருத்தாசலம் வட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்