மிளகு எண்ணெயில் காரம் இராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறு குப்பிகளில் விற்கப்படும் மிளகு எண்ணெயை வாங்குகிறவர்களில் பலர், நல்லமிளகின் காரம் முழுவதும் அதில் இறங்கியிருக்கிறது என்று நம்பியே வாங்குகிறார்கள். மூட்டுவலி, சளி, செரியாமை என எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று விற்கிறவர்களும் சொல்லிவிடுகிறார்கள். குலசேகரம் பகுதியில் மிளகு பயிரிடுகிறவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

உலர்ந்த மிளகை உடைத்துக் கலத்தில் இட்டு நீராவியைச் செலுத்தும்போது, அதிலுள்ள எளிதில் ஆவியாகும் பொருள்கள் மட்டுமே நீராவியோடு மேலேறிப் பின்னர் குளிர்ந்து, நீரின் மேல் எண்ணெயாக மிதக்கின்றன. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் அவ்வாறு ஆவியாவதில்லை. அது சக்கையிலேயே தங்கிவிடுகிறது. எனவே குப்பியில் இருப்பது மிளகின் மணம். காரியோஃபிலின், லிமோனின், பைனீன், சாபினீன் முதலியவை கலந்த மணம். நம் வீடுகளில் நல்லெண்ணெயில் மிளகைக் காய்ச்சி எடுக்கும் தைலம் வேறு. அதில் பைப்பரினும் ஓரளவு கரைந்திருக்கும். ஆலைகளில் கரைப்பானைக் கொண்டு எடுக்கும் ஓலியோரெசின் மூன்றாவது வகை. அதில் மணமும் காரமும் சேர்ந்தே இருக்கும். ஒன்றுக்குச் சொல்லப்பட்ட பயனை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பமும் நேர்கிறது.

காரம் இல்லை என்பதால் இந்த எண்ணெயைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. வாசனைத் திரவியங்களிலும் பதப்படுத்திய உணவுகளிலும் இது நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. இதன் ஆவியை இழுத்தவர்களுக்குப் புகைபிடிக்கும் ஆவல் சற்றுத் தணிந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கூறியது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்பட்ட முதியவர்களை இதன் மணத்தை முகரச் செய்தபோது விழுங்கும் அனிச்சைச் செயல் விரைவுபட்டதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் பதிவு செய்தார்கள். இரண்டுமே சிறிய ஆய்வுகள். அவற்றைக் காட்டி நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது முறையாகாது. ஆனால் இரண்டிலும் பயன்பட்டது இழுத்த ஆவியோ முகர்ந்த மணமோதான் என்பது கவனிக்கத்தக்கது.

தோலில் தடவுகிறவர்கள் இதை அப்படியே தடவக்கூடாது. ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெயில் ஓரிரு துளிகள் போதும். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும். வெயிலும் காற்றும் பட்டு எண்ணெய் பழசாகிவிட்டால் அதிலுள்ள லிமோனினும் பைனீனும் மாறுதலடைந்து, தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். அதனால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ரசத்தில் மிளகு சேர்ப்பது போல இதை உள்ளுக்குச் சாப்பிடலாம் என்று எண்ணுவது ஆபத்தானது. கைக்குழந்தைகளின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவும் பழக்கத்தை நம் தாய்மார்கள் உடனே கைவிட வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

விலையையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கிலோ மிளகிலிருந்து பொதுவாக 2 அல்லது 3 கிலோ எண்ணெயே கிடைக்கும். அப்படியானால் 10 மில்லிக் குப்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 450 கிராம் வரை மிளகு தேவைப்படும். ஐம்பது கிராம் மிளகின் விலைக்கு ஒரு குப்பி கிடைக்கிறதென்றால், அதில் டர்பன்டைன் போன்ற மலிவான ஏதோ ஒன்று கலந்திருக்கிறது என்று சந்தேகிப்பதே சரி.

இந்தக் கணக்கில் எங்களைப் போன்ற விவசாயிகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மலைச்சரக்குக் கடைகளில் லிட்டருக்கு 550 கிராம் நிற்கும் திரண்ட மிளகுக்குத்தான் நல்ல விலை. தூற்றும்போது ஒதுங்கும் இலேசான மணிகளையும் முற்றாமல் உதிர்ந்தவற்றையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். எண்ணெய் எடுக்கும் ஆலைகளோ அத்தகைய மணிகளையே விரும்பி வாங்குகின்றன. முற்றுவதற்குச் சற்று முன் பறித்த மிளகில் எண்ணெய் கூடுதலாகவே இருக்கும். பேச்சிப்பாறை, கடையால், அருமனை, மாறாமலைப் பகுதிகளில் ஓரிரு ஏக்கரில் ரப்பருக்கும் தென்னைக்கும் இடையே கொடி ஏற்றியிருக்கும் குடும்பங்கள் நீராவியால் எண்ணெய் எடுக்கும் வடிகலனைத் தனித்தனியாக நிறுவ இயலாது. தோட்டக்கலைத் துறை பொதுவான நீராவி வடிகலன் ஒன்றையும், எண்ணெயின் தூய்மையைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாட்டையும் பேச்சிப்பாறையிலோ குலசேகரத்திலோ அமைத்துத் தர வேண்டும். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி கிராம்பின் காம்புகளிலிருந்தும் அதே கலனில் எண்ணெய் வடிக்கலாம் என்பதால், மிளகு அறுவடை முடிந்த பிறகும் அது சும்மா கிடக்காது. அடுத்த அறுவடைக்கு முன்பாக இதைப் பரிசீலிக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மிளகு விவசாயி ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.