கோரைக்குள் தூங்குகிறவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி மலரில் கொள்ளுக்குடிப்பட்டி பற்றிய கட்டுரை படித்தேன். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிக்காத ஊர். இந்தச் செய்தி வருடா வருடம் எங்காவது வரும். 'நல்ல ஜனங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலிடோவுக்குக் குடிவந்த பிறகுதான் அந்த ஊரை நிஜமாகவே நினைத்துப் பார்க்கிறேன்.

இங்கே ஈரி ஏரிக் கரையோரம் சதுப்பு நிலங்கள் நிறைய. மே மாதம் சின்னச் சின்ன வண்ணப் பறவைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அக்டோபர் கடைசியில் ஈ காக்காய் இருக்காது. நான் போவது அப்போதுதான்.

பொழுது சாய்கிற நேரம், அறுத்த மக்காச்சோளக் கொல்லைகளில் சிந்தியதைப் பொறுக்கிவிட்டுக் கருங்குருவிகள் திரும்பும். நம்மூர்க் கரிச்சான் இல்லை, இது வேறு இனம். ஆணுக்குத் தோளில் சிவப்புப் பட்டை. உட்கார்ந்ததும் அதை மூடிக்கொள்ளும், ஓரத்து மஞ்சள் கீற்று மட்டும் தெரியும். 'செந்தோளன்' என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கூடவே மஞ்சள் கண்ணும் நீள வாலுமாகக் கிராக்கிள் என்கிற பறவைகள், துருப்பிடித்த கதவுபோல் கிறீச்சிட்டுக்கொண்டு. கூட்டம் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும், முடிகிற வழியாக இருக்காது. சம்பங்கோரைத் தட்டை ஒன்றில் மூன்று உட்கார்ந்து அது வளைய, நான்காவது வந்து ஒன்றைத் தள்ளிவிட, ஒரே சந்தை இரைச்சல். அப்புறம் இருட்டும், குழாயை மூடியதுபோல் சத்தம் குறைந்து நின்றுவிடும். தெற்கே போகும் வழியில் அவற்றுக்கு இது ஒரு ராத்திரித் தங்கல்.

சரியாக அந்த நேரத்தில்தான் நாம் வெடியைப் பற்றவைக்கிறோம். 2022 ஜூலை முதல் ஒஹாயோவில் வீட்டுப் பட்டாசுக்கு அனுமதி உள்ள நாள்களில் தீபாவளியும் ஒன்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போன வருடம் எங்கள் கொண்டாட்டத்துக்குப் பிடித்த மைதானம் கோரைக் குளத்தை ஒட்டி இருந்தது. அங்கே பறவைகள் அடையும் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன். "ஜூலை நாலு சுதந்திர தினத்துக்கு இந்த ஊர்க்காரங்க வெடிக்கலையா?" என்றார்கள். ஜூலையில் அந்தப் பறவைகள் பெரும்பாலும் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஒரே கோரைக்காட்டில் ஆயிரக்கணக்கில் அடைவது இலையுதிர் காலத்தில்.

இவற்றுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. 2010 டிசம்பர் 31 இரவு அர்க்கான்சா மாநிலத்தின் பீபி என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான செந்தோளன்கள் தெருவிலும் கூரையிலும் செத்து விழுந்தன. விஷமோ நோயோ என்று ஊரே பதறியது. பரிசோதித்தபோது தெரிந்தது அடிபட்ட காயம்தான். புத்தாண்டு வெடிச் சத்தத்தில் அரண்டு எழுந்து, வீட்டிலும் மரத்திலும் மோதியிருக்கின்றன. அடுத்த வருடமும் அதே இரவில் சில விழுந்தன.

மலரில் எழுதியவர் குஞ்சுகள் பயப்படும் என்பதோடு நிறுத்திவிட்டார். தூங்குகிற கூட்டத்துக்கு நேர்வதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். வெடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் கோரையோ நாணலோ இருக்கிறதா என்று வெளிச்சத்திலேயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு இடம் பிடிக்கலாம்.

இந்த முறை கடைத்தெரு வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டொலிடோ, ஒஹாயோ