நட்சத்திரம் முதலில் வந்தது லாரியில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மெர்சிடிஸ் பென்ஸ் காரின் வரலாறு பற்றி வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நன்றாக இருந்தன. ஆனால் "இந்த நிறுவனம் 1994-ல் இந்தியாவில் கால் பதித்தது" என்ற வரியைக் கடந்து போக என்னால் முடியவில்லை. மன்னார்குடியில் லாரி ஸ்பேர்ஸ் கடை நடத்துகிறவள் நான். அப்பா லாரி ஓட்டியவர். வீட்டுக்காரர் லாரி மெக்கானிக்காக இருந்து காலமானவர். பென்ஸின் நட்சத்திரச் சின்னம் பதித்த லாரி போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த வீடு எங்களுடையது.

1994 என்பது கார் தயாரிக்கப் புனேயில் கம்பெனி தொடங்கிய ஆண்டு. அதற்கு 40 வருடம் முன்னாலேயே, 1954-ல், ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் நம் டாடாவின் டெல்கோவும் லாரி செய்வதற்கு 15 வருட ஒப்பந்தம் போட்டன. டெல்கோ 1945-ல் ரயில் எஞ்சின் செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி. ஒப்பந்தம் போட்ட அதே வருடம் ஜாம்ஷெட்பூரில் முதல் லாரி வெளியே வந்தது. டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்றுதான் அதற்குப் பெயர். ஒப்பந்தம் 1969-ல் முடிகிற வரை லாரியின் முகப்பில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. அதன்பிறகுதான் அந்த இடத்துக்கு 'டி' எழுத்து வந்தது. ஆக, இந்தியாவில் முக்கால்வாசிப் பேர் மெர்சிடிஸ் காரைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே, அதன் நட்சத்திரத்தை நெல் மூட்டைக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பஸ் என்றால் லேலண்ட், லாரி என்றால் பென்ஸ். மூக்கு நீண்ட வண்டி. பானெட்டைத் தூக்கினால் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நெட்டுக்குத்தாக, கை விட்டு வேலை பார்க்கத் தோதாக இருக்கும். நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி அரவை மில்களுக்கு முன்னால் அந்த மூக்குகள் வரிசையாக நிற்கும். சம்பா அறுவடை சமயத்தில் களத்திலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து ரயிலடிக்கு, பெர்மிட் கிடைத்தால் வெளி மாவட்டத்துக்கு என்று ராப்பகலாக ஓடும். ஐப்பசி கார்த்திகையில் வெண்ணாற்றங்கரை ரோடு களியாகிக் கிடக்கும்போது, இரண்டு கலம் மூட்டைகளைத் தலைக்கு மேல் உயர அடுக்கிக்கொண்டு பின் சக்கரம் புதைந்து புதைந்து மேலே ஏறி வந்த வண்டி அது. 'தாங்கும்' என்ற பெயரை எங்கள் ஊரில் அதற்கு வாங்கிக் கொடுத்தது இந்த உழைப்பு. உங்கள் கட்டுரையில் இருக்கிற சினிமா நடிகர்களும் தொழிலதிபர்களும் வாங்கியதால் வந்த பெயர் இல்லை.

அப்பா அந்த வண்டியை ஒரு மில்காரரிடமிருந்து ஓடிப் பழகிய நிலையில் வாங்கினார். பணம் அம்மாவின் நகை. ரெட்டைவடச் சங்கிலியும் வளையலும் அடகுக் கடைக்குப் போயின, தாலிக்கொடியும் தோடும் மிஞ்சின. "திருப்பிடலாம்" என்று அப்பா சொன்னாராம். "வண்டிக் கணக்கை நான் எழுதுறேன், அது போதும்" என்று அம்மா சொன்னாராம். அப்படியே எழுதினார். டீசல், டிரைவர் பேட்டா, கிளீனர் கூலி, டயர் ரிட்ரேடிங், செக்போஸ்ட் செலவு எல்லாம் ஒரு நீள நோட்டில் அம்மா கையெழுத்தில் இருக்கும். லாரி அப்பா பேரில் இருந்தது. ஊரார் "அவருடைய பென்ஸ்" என்பார்கள்.

இதை எழுதக் காரணம் உண்டு. முதல் காரைச் செய்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையாருக்கு உங்கள் கட்டுரை ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது: "அவரது மனைவி காரில் ஒரு பயணம் சென்றார்." ஐயா, அந்தக் கம்பெனியே அவர் பணத்தில் நின்றது. 1871-ல் கார்ல் பென்ஸ் மான்ஹைமில் ஒரு கூட்டாளியோடு பட்டறை தொடங்கினார். கூட்டாளி சரியில்லை. தொழில் மூழ்கப் போன நேரத்தில், இன்னும் கல்யாணம்கூட ஆகாத பெர்த்தா தன் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து அந்தக் கூட்டாளியை விலக்கினார். மறு வருடம்தான் கல்யாணம். 1886 ஜனவரி 29-ல் கார்ல் பென்ஸ் பேரில் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அந்தத் தேதியைத்தான் காரின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுகிறது. முக்கால் குதிரைத் திறன், ஒற்றைச் சிலிண்டர். வண்டி செய்தாயிற்றே தவிர வாங்க ஆள் இல்லை. நாலு தெரு தாண்டி ஓடுமா என்று யாருக்கும் நம்பிக்கையும் இல்லை.

1888 ஆகஸ்டில், புருஷனிடம் சொல்லாமல், பதினைந்தும் பதிமூன்றும் வயதான இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு பெர்த்தா தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அதுவரை எந்த மோட்டார் வண்டியும் போனதில்லை. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில், துணியில் கறை எடுக்க விற்கிற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசிய இடத்தில் காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். இன்றைக்கு நான் கடையில் பிரேக் லைனிங் என்று எடுத்துக் கொடுக்கிறேனே, அதன் ஆரம்பம் அங்கே இருக்கிறது. மேட்டில் வண்டி ஏறாமல் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அதைத் திரும்பி வந்து அவர் சொன்னதால் மேடு ஏற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது.

எரிபொருள் குழாய் அடைப்பு என்று படித்துவிட்டுப் போவது வேறு. எனக்கு அது என்னவென்று தெரியும். சிறுமியாக இருந்தபோது அப்பாவுடன் தஞ்சாவூர் போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டது. அந்தக் கேட்டில் காத்துக் கிடப்பது இந்தப் பக்கம் போன எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டாங்கில் டீசல் அடிமட்டத்துக்குப் போய், எஞ்சின் இருமி நின்றுவிட்டது. டீசல் வாங்கிவந்து ஊற்றினாலும் கிளம்பாது. குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை எடுக்க வேண்டும். அப்பா பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் தலையில் இருக்கிற திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினார். என்னைப் பம்ப்பின் குமிழைக் கட்டை விரலால் அமுக்கி அமுக்கி அடிக்கச் சொன்னார். திருகின் ஓரத்தில் முதலில் வெறும் சீற்றம். பிறகு நுரை. நுரையில் பெரிய குமிழ், சின்னக் குமிழ், கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல் வழிந்தது. "அவ்வளவுதான், நிறுத்து" என்று திருகை இறுக்கினார். கேட் திறந்து பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அப்பா, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களின் பக்கத்து நட்டுகளிலும் ஒவ்வொன்றாகக் காற்றை எடுத்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது. நடுரோட்டில் ஒரு பெண்பிள்ளை கை முழுக்க டீசலோடு நிற்பதை ஊரே பார்த்தது. ஆகவே, 1888-ல் ஜெர்மனியில் ஒரு தாய் ரோட்டோரத்தில் என்ன செய்தார் என்பதை "ஒரு பயணம் சென்றார்" என்று முடித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வண்டியைச் செய்தவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. கார்ல் பென்ஸின் அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துபோனார், தாய் கஷ்டப்பட்டு வளர்த்தார். டைம்லர் கம்பெனியைத் தொடங்கிய காட்லீப் டைம்லர் ரொட்டிக் கடைக்காரர் மகன். அவருடன் இருந்த வில்ஹெல்ம் மைபாக் பத்து வயதில் அனாதையாகி இல்லத்தில் வளர்ந்தவர். பணக்காரர் ஜெல்லினெக் 1900-ல் டைம்லர் கம்பெனியிடம் 36 வண்டிக்கு ஆர்டர் கொடுத்து, தன் மகள் மெர்சிடிஸ் பெயரை வைக்கச் சொன்ன கதைக்கு நீங்கள் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கதை சரியானதுதான். ஆனால் 1901-ல் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் மற்ற வண்டிகளையெல்லாம் பழசாக்கிய அந்த 35 குதிரைத் திறன் வண்டியை வரைந்து செய்தவர் மைபாக். அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் 1926-ல் ஒன்றான செய்தியாவது வந்திருக்கிறது, சரி.

பெயரைப் பற்றி எழுதும்போது பெயர் கெட்ட இடத்தையும் எழுத வேண்டும். 1955-ல் பிரான்சில் லே மான்ஸ் கார் பந்தயத்தில் இவர்கள் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். 1997-ல் இவர்களின் புது ஏ கிளாஸ் கார் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் கவிழ்ந்தது. விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, சறுக்காமல் பிடிக்கிற ஈஎஸ்பி கருவியைப் பொருத்திக் கொடுத்தார்கள். விபத்தில் காரின் முன்புறமும் பின்புறமும் நசுங்கி, நடுவில் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று இவர்களின் எஞ்சினியர் பேலா பாரென்யி கண்டுபிடித்ததை 1959-லேயே காரில் கொண்டுவந்த கம்பெனிக்கு இது சின்ன அவமானம் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது போர்க்காலம். ஹிட்லர் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த நீளக் கறுப்புக் கார் இவர்களுடையது. அது படத்தில் தெரிகிறது. படத்தில் தெரியாதது, 1944-ல் அந்தக் கம்பெனியில் வேலை செய்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் என்பது. பெர்லின் பக்கத்தில் கென்ஸ்ஹாகன் விமான எஞ்சின் தொழிற்சாலையில் வதைமுகாமிலிருந்து கொண்டுவந்த பெண்களை வேலை வாங்கினார்கள். கம்பெனியே பின்னால் இதை ஆராயச் சொல்லி, ஒப்புக்கொண்டு, 1988-ல் 2 கோடி மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) கொடுத்தது. இது எல்லாருக்கும் திறந்து கிடக்கிற விஷயம். பெர்த்தா அம்மையார் 1944 மே மாதம் 95 வயதில் இறந்தார். அவர் சீதனத்தில் எழும்பிய கம்பெனியில் அந்த வருடம் அப்படிப் பெண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றாண்டுப் பெருமை என்று தலைப்புப் போட்ட கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது இடம் இருந்திருக்க வேண்டும். விலைப் பட்டியல் போட்ட பெட்டியை எடுத்திருந்தாலே போதும்.

தமிழ்நாட்டுக்கும் இன்றைக்கு இதில் பங்கு உண்டு. 2012-ல் ஒரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலை திறந்தார்கள். பாரத்பென்ஸ் என்ற பெயரில் வண்டி வருகிறது. எங்கள் பக்கத்து ஐடிஐ பையன்கள் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதுவும் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. 1994 என்ற தவறை, 1954 முதல் 1969 வரை ஓடிய லாரிக் கதையோடு சேர்த்து, அதே ஞாயிறு இணைப்பில் திருத்திப் போடுங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நிருபரை இந்தப் பக்கம் அனுப்புங்கள். நீடாமங்கலம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் பட்டறைகளில் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கையால் பிரித்துக் கோர்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர்கள். ஹெட்டை இறக்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு எந்த சிலிண்டரில் நாசில் கெட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் சொல்லில் அந்த வண்டியின் கதை ஒரு தடவையாவது அச்சில் வர வேண்டும். வருகிற நிருபரை நானே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைக்கிறேன். அம்மாவின் கணக்கு நோட்டையும் காட்டுகிறேன், வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளலாம். வருவதானால் மார்கழிக்குள் வரச் சொல்லுங்கள். தை பிறந்து அறுப்பு ஆரம்பித்துவிட்டால் பட்டறைக்காரர்கள் யாரையும் உட்கார வைத்துப் பேச முடியாது.

இப்படிக்கு,
லாரி உதிரிபாகக் கடை நடத்தும் ஒரு வாசகி,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.