அல்செஸ்டிஸை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கிரேக்கப் புராணக் காதல்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஆர்ஃபியூஸுக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். பாட்டாலேயே பாதாளத்தை இளக வைத்தவன், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து மனைவி யூரிடைஸை இரண்டாவது முறை இழந்தவன், உருக்கமான கதைதான். ஆனால் கணவனுக்காக உயிரையே கொடுத்த அல்செஸ்டிஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் இந்த இருவரையும் ஒப்பிட்டு, சாகத் துணியாத ஆர்ஃபியூஸுக்குத் தேவர்கள் மனைவியின் நிழலைத்தான் காட்டினார்கள், அல்செஸ்டிஸை மெய்யாகவே திருப்பி அனுப்பினார்கள் என்று ஃபீட்ரஸ் என்ற பாத்திரம் பேசுகிறார்.

கி.மு. 438இல் ஏதென்ஸில் மேடையேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில் அவள் கதை இருக்கிறது. தெசலி மன்னன் அட்மெட்டஸுக்குச் சாவு நெருங்குகிறது, அவனுக்குப் பதிலாக வேறொருவர் செத்தால் போதும் என்று அப்போலோ தேவன் விதி தேவதைகளிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வயதான பெற்றோரே முடியாது என்றுவிட, மனைவி சரி என்கிறாள். கடைசி நாளில் குளித்து, நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு, அதுவரை கண் கலங்காமல் இருந்தவள் கல்யாணக் கட்டிலைப் பார்த்ததும் உடைந்து அழுகிறாள். கணவனிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு மாற்றாந்தாய் வேண்டாம்.

அப்புறம் அவள் சடலத்தை வைத்துக்கொண்டே அப்பனும் மகனும் சண்டை போடுகிறார்கள். வெளிச்சத்தைப் பார்க்க உனக்கு ஆசை என்றால் எனக்கு இருக்காதா என்று கிழவர் திருப்பிக் கேட்கும் இடத்தில் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அடக்கம் முடிந்து திரும்பிய அட்மெட்டஸுக்கு அவள் உட்கார்ந்த நாற்காலியும், பெருக்காத தரையும், காலைக் கட்டிக்கொண்டு அழப்போகும் பிள்ளைகளும் நினைவுக்கு வர, இப்போதுதான் புரிகிறது என்கிறான். இழப்பை இவ்வளவு சாதாரணமான பொருட்களில் வைத்துச் சொன்ன இடம் அந்தப் பழைய இலக்கியத்தில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அட்மெட்டஸின் நண்பனான மாவீரன் ஹெராக்கிளிஸ் மரண தேவனோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு, முகத்தை மூடிக் கூட்டி வருகிறான். நாடகம் முடியும்வரை அவள் வாய் திறப்பதில்லை. மூன்றாம் நாள்தான் தீட்டுக் கழியும், அதனால் பேசவில்லை என்று ஹெராக்கிளிஸே சொல்கிறான், சரி. ஆனாலும் இன்னொருத்தியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன் என்று சொன்ன அதே நாளில், யாரோ ஒரு பெண் என்று நினைத்தபடியே, நண்பன் வற்புறுத்தினான் என்று அவள் கையைப் பிடித்த கணவனிடம் அவளுக்குக் கேட்க நிறைய இருந்திருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி