வெண்மணியின் சாட்சியங்களை எழும்பூரில் சேர்த்து வையுங்கள்

தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்வேளூர் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். கீழவெண்மணிப் படுகொலையைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் இயக்கி 2005-இல் வெளிவந்த ‘இராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தை உங்கள் காப்பகம் பொறுப்பேற்றுப் பாதுகாக்க வேண்டும். படத்துக்காக எடுக்கப்பட்டு, படத்தில் சேராமல் போன ஒளிப்பதிவில் எஞ்சியிருப்பதையும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நடந்த கொடுமைகளைப் பதிவுசெய்த மற்ற ஆவணப்படங்களுக்கும் இதையே கேட்கிறேன். அரசாணைக்கும் நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும் எழும்பூரில் உள்ள உங்கள் காப்பகத்தில் என்ன இடம் உண்டோ அதே இடம் இவற்றுக்கும் வேண்டும்.

படம் என்றால் அது திரைப்படச் சங்கங்களின் வேலை, ஆவணக் காப்பகத்துக்கு அதில் என்ன பங்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைய கீழத்தஞ்சையில், கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த விவசாயத் தொழிலாளர்கள் அறுப்புக் கூலியில் கூடுதல் நெல் கேட்டார்கள். அரைப்படி நெல் என்றுதான் எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். நிலக்கிழார்களான மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவர். செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை நடத்தினார்கள். அந்த இரவு ஆயுதங்களோடு வந்த கூட்டம் சேரியைச் சூழ்ந்தபோது, ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் இராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் எரிந்து போனார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததில்தான் என் கோரிக்கையின் வேர் இருக்கிறது. 23 பேர் மீது வழக்கு நடந்தது. 1970-இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நாயுடு உள்பட எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்றைத் தமிழ்நாட்டில் வெண்மணியைப் பற்றிப் பேசுகிற யாரும் மறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறதாம். பெரும்பாலோர் பெருநிலக்காரர்கள், வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட நாயுடுவிடம் கார் இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம். சாட்சிக் கூண்டில் நின்று “பார்த்தேன்” என்று சொன்னவர்களின் வார்த்தையைவிட, கார் வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்ற ஊகத்துக்கு அங்கே எடை கூடிவிட்டது.

ஐயா, அந்தத் தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. சட்ட நூலகம் எதிலும் தேடி எடுக்கலாம். வெண்மணிக்குப் பிறகு அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையமும், அதையொட்டி 1969-இல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் காகிதத்தில் நிலைத்துவிட்டன. 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். ஆண்டைகளின் தரப்பும் எழுத்தில் நிற்கும், ஏனென்றால் மனு எழுதவும் தந்தி அடிக்கவும் வக்கீல் வைக்கவும் அவர்களுக்குத் தெரியும், வசதியும் இருந்தது. சேரி மக்களின் தரப்பு எங்கே இருக்கிறது? நீதிமன்றத்தில் அவர்கள் சொன்னது, கேள்வி கேட்டவர் விரும்பிய அளவுக்கு, எழுத்தர் எழுதிய மொழியில் இருக்கிறது. அதையும் நம்பவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஏறத்தாழ 37 ஆண்டுகள் கழித்து ஒரு கேமரா அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது. குறுக்கு விசாரணை இல்லை. கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உயிர் பிழைத்தவர்களும் அந்த இரவைக் கண்டவர்களும் தங்கள் பேச்சில், தங்கள் வேகத்தில் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை ‘இராமையாவின் குடிசை’ ஒரு வாக்குமூலத் தொகுப்பு. நீதிமன்றம் கேட்கத் தவறியதைப் பின்னால் வந்த ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டது போன்றது அது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று திரையிட்டுக் கண்ணீர் விட்டுக் கலைவதோடு அதன் பயன் தீர்ந்துவிடக் கூடாது. ஆய்வு மாணவி ஒருத்தி மேசையில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தீர்ப்பின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். அந்த மேசை உங்களிடம்தான் இருக்கிறது.

நேரம் அதிகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களே இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அன்று நடுவயதில், நாற்றங்காலிலும் களத்திலும் நின்று கூலிப் பேச்சை நேரில் நடத்தியவர்களில் மிகப் பலர் இன்று இல்லை. ஆள் போய்விட்டாலும் பதிவு இருக்கிறதே என்றால், பதிவும் போய்க்கொண்டிருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் தமிழில் வந்த ஆவணப்படங்களில் பெரும்பாலானவை சிறு டிஜிட்டல் நாடாக்களில் எடுக்கப்பட்டவை. காந்தப் பூச்சு உதிரும், பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில், குளிரூட்டாத அறையின் பீரோவில் அவை எத்தனை காலம் தாங்கும்? நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி இப்போது தயாரிப்பில் இல்லை. பழுது பார்ப்பவர்களும் அரிதாகிவிட்டார்கள். குறுந்தகடுகளின் கதையும் இதுதான். படம் வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் நான் வாங்கி வைத்திருந்த தகடு இப்போது எந்தக் கணினியிலும் ஓடுவதில்லை. யூடியூபில் கிடைக்கும் என்பார்கள். மங்கலான ஒரு நகல் இணையத்தில் கிடப்பதைப் பாதுகாப்பு என்று எந்த ஆவணக் காப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் சேராத ஒளிப்பதிவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டு மணி நேரம் பேசிய ஒருவரின் பேச்சில் ஐந்து நிமிடம்தான் எந்த ஆவணப்படத்திலும் சேரும். அது இயக்குநரின் உரிமை, கலையின் தேவையும்கூட. வெட்டப்பட்ட பகுதியில் தீயைப் பற்றி ஒன்றும் இருக்காது. நடவுக்கு எத்தனை பேர் போனோம், ஆண்டையின் காரியக்காரர் என்ன சொன்னார், சாணிப்பாலும் சவுக்கடியுமான தண்டனை எந்தத் தலைமுறையோடு நின்றது, விவசாயிகளைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து போன பிறகு ஆண்டை முன்னால் துண்டைத் தோளில் போட்டு நடந்த முதல் ஆள் யார் என்பது போன்றவைதான் இருக்கும். தீ ஒரு இரவு எரிந்தது. அதற்கு முன்னால் நடந்த வாழ்க்கைதான் அந்தத் தீயை விளக்கும். படம் பார்ப்பவனுக்கு அது நீளம், வரலாறு எழுதுபவனுக்கு அதுதான் வேண்டும்.

இந்தப் பேச்சுகளை எழுத்தில் பெயர்க்கும்போது கீழத்தஞ்சைப் பேச்சு தெரிந்தவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத் தமிழுக்குத் திருத்திவிடாதீர்கள். கலம், மரக்கால், தலையாரி, தாளடி என்று வருகிற இடங்களில் அடிக்குறிப்பு போடலாம். சொன்னவர் சொன்னபடி இருக்கட்டும். நீதிமன்றத்தில் ஒருமுறை அவர்கள் பேச்சு வேறு மொழிக்கு மாறிப் போனது போதும்.

ஒரு விஷயத்தில் எங்கள் பக்கத்தவர்களே என்னோடு முரண்படுவார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். சேர்ப்பதென்றால் முழுதாகச் சேர்க்க வேண்டும். அன்று நடந்த மோதலில் மிராசுதார்கள் தரப்பில் வேலைக்கு வந்திருந்த பக்கிரிசாமி என்பவரும் கொல்லப்பட்டார். அதற்கான வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். அந்த வழக்கின் ஆவணங்களும் இந்தத் தொகுப்பில் இருக்க வேண்டும். 1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொலையுண்டதன் ஆவணங்களும் வேண்டும். மிராசுதார் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பேச முன்வருகிறவர்கள் இருந்தால் அவர்களையும் பதிவு செய்யுங்கள். இதனால் 44 பேரின் சாவின் எடை குறைந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. அது கூலித் தகராறா, சாதிக் கொலையா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேடைகளில் வாதாடுகிறோம். எரிந்தவர்கள் அனைவரும் தலித்துகள், அத்தனை பேரும் கூலித் தொழிலாளர் குடும்பத்தவர்கள். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பது என் எண்ணம். எதையும் மறைக்காத தொகுப்பு ஒன்று பொதுவில் இருந்தால் அடுத்து வருகிறவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

வாய்மொழிச் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்ற தயக்கம் உங்கள் துறைக்கு இருக்கலாம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை நம்ப முடியாது என்றுதான் அன்றும் அதிகாரிகள் சொன்னார்கள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 269 பேர் மீது வழக்கு, அதில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வெண்மணியில் நம்பாமல் விட்ட அதே வகைச் சாட்சியம், எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளின் சொல், வாச்சாத்தியில் உண்மை என்று நிலைநின்றது. இரண்டும் நடந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகம், அந்தச் சொல்லை இனியும் இரண்டாந்தரமாக வைக்கக் கூடாது.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றும் யோசித்தே எழுதுகிறேன். முதலில் படம் எடுத்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், உரிமை அவர்களுடையது. உரிய தொகையைக் கொடுத்து வாங்குங்கள், கைம்மாறு இல்லாமல் கேட்காதீர்கள். கடன் வாங்கி, இயக்கத் தோழர்களிடம் நன்கொடை திரட்டிப் படம் எடுத்தவர்கள் தமிழில் எத்தனையோ பேர். அடுத்தது பேசியவர்களின் சம்மதம். படத்துக்காகச் சம்மதித்தவர், காப்பகத்தில் யாரும் கேட்கலாம் என்பதற்குச் சம்மதித்ததாக ஆகாது. உயிரோடு இருப்பவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள், இல்லாதவர்களின் பிள்ளைகளிடம் கேளுங்கள். வாச்சாத்திப் பெண்களைப் பற்றிய பதிவு எதுவானாலும் முகமும் பெயரும் வெளிப்படாமல் காக்கும் பொறுப்பு காப்பகத்துடையது. அந்தக் கட்டுப்பாட்டை எழுத்தில் வையுங்கள். மூன்றாவதாக, ஒரு பிரதி நாகப்பட்டினத்தில் இருக்க வேண்டும். எழும்பூரின் சிவப்புக் கட்டடம் 1909-லிருந்து நிற்கிறது, அதன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வெண்மணியின் பேத்தி ஒருத்தி தன் பாட்டி பேசியதைக் கேட்கச் சென்னைக்கு ரயில் ஏறி, அறிமுகக் கடிதம் வாங்கி, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் அந்தப் பதிவு யாருக்காக? மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினியும் இரண்டு காதுபொறிகளும் போதும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. நாடாக்களை மாற்றும் வேலைதான் அவசரம், மற்றவை பின்னால் வரலாம். ஆகவே வரும் நிதியாண்டில் அந்த வேலைக்கு மட்டுமாவது ஒரு தொகை ஒதுக்கி, எந்தெந்தப் படங்களின் மூல நாடாக்கள் யாரிடம் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரத்தில் அந்தக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களை அழைத்துப் போக, பேச்சைப் பெயர்த்து எழுத, ஊதியம் எதிர்பார்க்காத ஆசிரியர்களும் சங்கத்துத் தோழர்களும் இங்கே இருக்கிறார்கள். உங்கள் பதிலைப் பார்த்ததும் அவர்களை ஒன்றுசேர்க்கும் வேலையைத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
கீழ்வேளூர் வட்டத்திலிருந்து ஒருவன்