இரண்டு கையிலும் மை

ஆசிரியருக்கு, வணக்கம்.

தேர்தல் வந்தால் எங்கள் மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்தி பெரும்பாலும் வரும். ஒன்று, பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷினைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகும் படம். இன்னொன்று, வாக்குப்பதிவில் தருமபுரி முதலிடம் என்பது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுக்க 69.72 சதவீதம், தருமபுரித் தொகுதியில் 81.20. பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 81-க்குள் எங்கள் ஊர்க் கிழவிகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. 2024-ல் வாக்காளர் அட்டைப்படி வயது 84. உண்மையான வயது ஆயாவுக்கே தெரியாது, பேர் எழுத வந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்றார்கள். 2024-ல் அதை 85 ஆக்கிவிட்டார்கள். மூன்று வருடத்தில் ஆயாவுக்கு மூன்று வயது கூடியது, சட்டத்துக்கு ஐந்து வயது கூடிவிட்டது! 40 சதவீத ஊனத்துக்குச் சான்று இருந்தாலும் வீட்டில் போடலாமாம். அந்தச் சான்றுக்கு ஆயாவை பஸ் ஏற்றிக் கூட்டிப்போவதற்குப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கே கூட்டிப்போய்விடலாம்.

அதைத்தான் செய்தேன். ஏப்ரல் 19, பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கண் தெரியாதவர், தானாக பட்டன் அமுக்க முடியாதவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். துணைக்கு வருகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஓட்டை ரகசியமாக வைப்பேன், இன்றைக்கு வேறு யாருக்கும் துணை போகவில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். என் வலது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். இடது விரலில் என் சொந்த ஓட்டுக்கு வைத்த மை காயவே இல்லை. அப்புறம் ஒரு மாதம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் என் பேர் 'ரெண்டு ஓட்டுக்காரி'.

மறைப்புக்குள் ஆயா என் காதில் சின்னத்தைச் சொன்னார். அவர் விரலைப் பிடித்து பட்டன் மேல் வைத்தேன், அமுக்கியது அவர்தான். பக்கத்துப் பெட்டியில், எந்தச் சின்னத்தில் ஓட்டு விழுந்தது என்று காட்டும் சீட்டு 7 விநாடி தெரிந்தது, நான் பார்த்துச் சொன்னேன். 'பீப்' சத்தம் ஓயும்வரை ஆயா விரலை எடுக்கவில்லை.

வெளியே வந்தால் கீழ்த்தெரு ஆயா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "கண்ணு, என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். முடியாதே! வாக்குச்சாவடி அதிகாரியைக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கு ஒருவர்தான் என்றார். அவர் மேல் தப்பில்லை, ஒரே ஆள் பத்துப் பேர் ஓட்டைப் போட்டுவிடக் கூடாது என்றுதானே சட்டம்? நான் வீட்டுக்குப் போய் வேறு யாரையாவது கூட்டிவருவதற்குள், 200 மீட்டருக்கு அப்பால் மேஜை போட்டிருந்த ஒரு கட்சிப் பையன் வந்து, அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஆயாவை உள்ளே கூட்டிப்போய்விட்டான். வெளியே வந்த ஆயா சொன்னது: "எந்தப் படம்னு கேட்டான், சொன்னேன். அவன் எதை அமுக்குனானோ, சாமிக்குத்தான் வெளிச்சம்." அவன் சொன்னபடியே அமுக்கியும் இருக்கலாம். ஆனால் ஆயாவுக்கு அது தெரியாது, கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. அந்த ஓட்டும் 81 சதவீதத்தில் சேர்ந்துதான் இருக்கிறது.

சக்கர நாற்காலி தள்ள மாணவர்களை நிறுத்துகிறார்கள், நல்லது. சாய்தளமும் கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் மறைப்புக்குள் போகிற நாலு அடிக்கு ஆள் இல்லை. பூத் சிலிப் கொடுக்க வீடு வீடாக வருகிற அலுவலர், "ஆயா, உன்கூட யார் வர்றாங்க?" என்று ஒரு வார்த்தை அன்றைக்கே கேட்டால் போதும். எங்கள் பக்கம் பல ஊரில் அங்கன்வாடி டீச்சர்தான் இந்த வேலையையும் பார்க்கிறார். எந்த வீட்டில் யாருக்குக் கண் தெரியாது என்பது அவருக்குத் தெரியாததா?

மக்களவைத் தேர்தலில் ஒரே பட்டன். ஊராட்சித் தேர்தலில் ஆளுக்கு நாலு சீட்டு. 2019 டிசம்பரில் வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலிலும் தனித்தனியாக முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாமல் மடிக்க வேண்டும். பச்சையில் இரண்டு இடத்தில் குத்திவிட்டதாக அப்போதே பக்கத்து வீட்டு ஆயா புலம்பினார். வார்டில் ஒரு ஓட்டில் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று கிராமத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒருவருக்கு ஒருவர் என்றால் ஊருக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். எங்கள் மகளிர் குழுவில் 14 பேர் இருக்கிறோம். எங்களிலும் எல்லாக் கட்சியும் உண்டு, அதனால் யார் துணைக்கு வர வேண்டும் என்று ஆயாக்களையே கேட்டோம். கடன் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதுவரை 11 பேர் எழுதியாகிவிட்டது. தாங்களும் அடுத்த தேர்தலுக்குக் கழுதைப் படம் போடும்போது, துணைக்கு வருகிறவருக்கான விதியைப் பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டிப் போட வேண்டுகிறேன்.

நோட்டில் முதல் பேர் கீழ்த்தெரு ஆயாவுடையது. துணைக்கு யார் என்றதற்கு என்னைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டு ஆயா இன்னும் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.